‘கேரியர்’ என்று வந்தால் அழ வேண்டுமா? சாதிப் பூனையின் மரபணு அறிக்கையை வாசிப்பது

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் ஒரு சனிக்கிழமை காலை திறன்பேசியும் கையுமாக வந்து நின்றாள். நான் அப்போதுதான் பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அங்கள், மல்லிக்குக் கண்ணு போயிடுமாம். ரிப்போர்ட் வந்திருக்கு.”

மல்லி அவளுடைய பெர்சியன் பூனை. பெயர்தான் மல்லி, நிறம் நல்ல கறுப்பு. அதற்கு முதல் தடவையாகக் குட்டி எடுக்கலாம் என்ற எண்ணத்தில், மருத்துவர் சொன்னபடி கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தேய்த்து வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். வந்த அறிக்கையில் ஒரு வரியில் ‘கேரியர்’ என்று இருந்தது. அது கண் நோய்க்கான வரி.

“சரி, கடுவனுக்கு ரிப்போர்ட் இருக்கா?” என்றேன். இருந்தது. ஈப்போவில் ஒருவரிடம் பேசி வைத்திருந்தாள். அதை உடனே எடுத்துக் காட்டினாள். “அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல அங்கள். சிறுநீரகத்துக்கு மட்டும் ஒரு எழுத்து மாறியிருக்கு, அதுவும் வெறும் கேரியர்தான்னு சொன்னாங்க.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் அழுத வரியில் அழ ஒன்றும் இல்லை. அவள் ‘ஒண்ணும் இல்ல’ என்று தள்ளிய வரிதான் அந்த நோய்க்கு வரக்கூடியதிலேயே மோசமான விடை. இரண்டிலும் எழுத்துகள் ஒரே மாதிரிதான் இருந்தன. முதல் முறை அறிக்கை கையில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இதிலேயே தொடங்குகிறேன்.

பூனையின் ஒவ்வொரு செல்லிலும் 19 சோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. சோடியில் ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. அதனால் ஏறக்குறைய எல்லா மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. பரிசோதனைக்கூடம் செய்வது என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்கே இருக்க வேண்டிய எழுத்து இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு பிரதிகளிலும் பார்க்கும். அதனால்தான் விடை எப்போதும் சோடியாக வருகிறது: ‘என்/என்’ (ஆங்கில N, ‘நார்மல்’ என்பதன் முதலெழுத்து) என்றால் இரண்டும் நல்ல பிரதி. ‘என்’னுக்குப் பக்கத்தில் வேறு எழுத்து இருந்தால் ஒன்று நல்லது, ஒன்று பிறழ்ந்தது. ‘என்’னே இல்லாவிட்டால் இரண்டுமே பிறழ்ந்தவை. கூடத்துக்குக் கூடம் குறியீடு கொஞ்சம் மாறும், அமைப்பு இதுதான்.

இதை விளக்க நான் வெளியே எங்கும் போவதில்லை. தோட்டத்து நாற்றங்காலில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். நம்மூரில் யாரைக் கேட்டாலும் செம்பனையைத் தெரியும். செம்பனைப் பழத்தை வெட்டிப் பார்த்தால் பருப்பைச் சுற்றி ஓடு இருக்கும். ஓடு தடித்திருந்தால் டூரா. ஓடே இல்லாவிட்டால் பிசிஃபெரா, அது பெரும்பாலும் ஒழுங்காகக் காய் பிடிக்காது. இரண்டையும் சேர்த்தால் வருவது டெனெரா: மெல்லிய ஓடு, நிறையச் சதை, அதனால் நிறைய எண்ணெய். 1960களில் இருந்து மலேசியத் தோட்டங்களில் நட்டு வருவது இந்த டெனெராவைத்தான். அந்த ஓட்டை நிர்ணயிப்பது ஒரே ஒரு மரபணு. அதை மலேசிய செம்பனை வாரியத்தின் தலைமையில் ஒரு குழு 2013இல் கண்டுபிடித்தது. டூராவில் தடித்த ஓட்டுப் பிரதி இரண்டு, பிசிஃபெராவில் ஓடில்லாப் பிரதி இரண்டு, டெனெராவில் ஒன்றுக்கு ஒன்று.

சரி, இப்போது ஒரு சிறிய தோட்டக்காரர் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று டெனெரா மரத்தடியில் உதிர்ந்த விதையில் முளைத்த கன்றை எடுத்து நடுகிறார் என்று வையுங்கள். தாயும் டெனெரா, மகரந்தம் வந்ததும் டெனெராவிலிருந்து. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் பாதித் தோட்டம் தேறாது. கணக்குப்படி நான்கில் ஒன்று டூரா, இரண்டு டெனெரா, ஒன்று பிசிஃபெரா. தாயும் தகப்பனும் அருமையான மரங்கள்தான். ஆனாலும் கால்வாசி மரம் குலை அழுகி நிற்கும். இதை நாற்றங்காலில் கண்ணால் பார்த்தவனுக்குப் பூனை அறிக்கை புரிவது பெரிய வேலை இல்லை.

மல்லியின் கண் வரிக்கு வருவோம். பெர்சியன் பூனைகளில் ஒரு விழித்திரை நோய் உண்டு. இரண்டு மூன்று வாரக் குட்டியிலேயே தொடங்கி, நான்கு மாதத்துக்குள் பார்வையைக் கொண்டுபோய்விடும். பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் இது ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதியும் பிறழ்ந்தால்தான் நோய். ஒன்று நல்லதாக இருந்தால் அந்த ஒன்றே கண்ணுக்கு வேண்டிய வேலையைப் பார்த்துக்கொள்ளும். இங்கே செம்பனையிலிருந்து ஒரு வித்தியாசம்: டெனெராவில் பாதிப் பாதி என்பது மெல்லிய ஓடாக வெளியே தெரியும், மல்லியில் வெளியே ஒன்றுமே தெரியாது. அவள் ‘கேரியர்’, தமிழில் தாங்கி என்று சொல்லலாம். சுமக்கிறாள், ஆனால் அதனால் அவளுக்கு எதுவும் ஆகாது. மல்லிக்கு வயது இரண்டு. அந்த நோய் அவளுக்கு வருவதாக இருந்தால் எப்போதோ கண் போயிருக்கும்.

கவலை குட்டிகளைப் பற்றி மட்டும்தான். மல்லியை ‘என்/என்’ கடுவனோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்தக் கண் நோய் வராது. சுமாராகப் பாதிக் குட்டிகள் அம்மாவைப் போலத் தாங்கியாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு தாங்கியோடு சேர்த்தால்தான் உதிரி விதை கதை: ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு. ஒவ்வொரு குட்டிக்கும் என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். நான்கு குட்டி போட்டால் ஒன்றுதான் குருடாகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பூவா தலையா போடுவது மாதிரி, ஒன்றும் இல்லாமலும் போகலாம், மூன்று வந்து நெஞ்சைப் பிளக்கவும் செய்யலாம்.

இப்போது கடுவனின் சிறுநீரக வரி. இது பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய், பூனைக்காரர்கள் பி.கே.டி. என்பார்கள். சிறுநீரகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் பிறவியிலிருந்தே இருக்கும், வருடக்கணக்கில் மெதுவாகப் பெரிதாகும். பூனை ஓடும், ஆடும், குட்டி போடும். பல பூனைகளுக்கு ஏழு வயது வாக்கில்தான் சிறுநீரகம் கைவிடத் தொடங்கும். அதற்குள் அது எத்தனை ஈற்றுக்குத் தகப்பனாகியிருக்குமோ! இதற்குக் காரணமான பிறழ்வு 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னால் பல நாடுகளில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது பெர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்தக் கட்டிகள் இருந்தன.

இது ஓங்கு பண்பு. பிறழ்ந்த பிரதி ஒன்று இருந்தாலே போதும், நோய் உண்டு. நல்ல பிரதி பக்கத்தில் இருந்தும் காப்பாற்றாது. இதில் ‘வெறும் கேரியர்’ என்று ஒரு பூனை கிடையவே கிடையாது. இன்னும் ஒன்று சொன்னால்தான் முழுதாகப் புரியும்: இரண்டு பிரதியும் பிறழ்ந்த கரு தாய் வயிற்றிலேயே கலைந்துவிடுவதாக நம்பப்படுகிறது, அப்படிப்பட்ட பூனையை நீங்கள் பார்க்க முடியாது. ஆகவே உயிரோடு நடமாடும் பூனைக்கு பி.கே.டி. வரியில் வரக்கூடிய விடை இரண்டே இரண்டு. ஒன்று ‘என்/என்’. மற்றது அந்த ஈப்போக் கடுவனுக்கு வந்தது.

அதனோடு மல்லியைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மல்லியின் பக்கம் ‘என்/என்’ என்பது இங்கே ஒரு குட்டியையும் காப்பாற்றாது.

ஆகவே அறிக்கை வந்ததும் எழுத்தைப் பார்க்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். முதலில் நோயின் பெயரைப் பாருங்கள், அது ஓங்கு பண்பா ஒடுங்கு பண்பா என்று கேளுங்கள், அப்புறம் எழுத்துக்கு வாருங்கள். நல்ல கூடங்கள் விளக்கப் பகுதியில் இதை எழுதியே கொடுக்கின்றன. ஆனால் அது மூன்றாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும். நாம் முதல் பக்கத்திலேயே சிவப்பும் பச்சையும் பார்த்துவிட்டு அழவோ சிரிக்கவோ ஆரம்பித்துவிடுவோம்.

எல்லா நோயும் இப்படி இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடாது. மேய்ன் கூன் பூனைகளின் இதயத் தசை தடிப்பு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் அந்த இனத்தில் ஒரு பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள், 2007இல் ராக்டால் இனத்தில் அதே மரபணுவில் வேறு ஒரு பிறழ்வு. மேய்ன் கூன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அந்த முதல் பிறழ்வு இருக்கிறது. இரண்டு பிரதி இருந்தால் ஆபத்து நன்றாகவே கூடும். ஒன்று இருந்தால் பல பூனைகள் ஆயுசு முழுக்க ஒன்றுமில்லாமல் இருந்துவிடும். அதே சமயம் ‘என்/என்’ வந்த பூனைக்கும் அந்த இதய நோய் வரலாம், ஏனென்றால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனவே மேய்ன் கூனை வைத்துக் குட்டி எடுப்பவர் மரபணு அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு இதய ஸ்கேனை விட்டுவிடக் கூடாது. நல்லவர்கள் வருடா வருடம் எடுக்கிறார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு விஷயம்: மேய்ன் கூனில் கண்டுபிடித்த அந்தப் பரிசோதனையை பெர்சியனுக்கு எடுத்தால் ‘என்/என்’தான் வரும், அதனால் அந்தப் பெர்சியனின் இதயத்தைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்துவிடாது. இப்போதெல்லாம் நாற்பது, ஐம்பது நோய்களை மொத்தமாகப் பார்த்து நீளமாகப் பச்சைப் புள்ளி வைத்து அனுப்புகிறார்கள். பார்க்கத் திருப்தியாக இருக்கும். அதில் உங்கள் பூனையின் இனத்துக்குப் பொருந்துவது மூன்றோ நான்கோதான். மற்றதெல்லாம் கேட்காத கேள்விக்கு வந்த பதில்.

மல்லியின் மூன்றாவது வரி ரத்த வகை. பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று மூன்று வகை. மனிதரின் ரத்த வகையோடு இதைக் குழப்ப வேண்டாம், பெயர்தான் ஒன்று. ஏ ஓங்கும், பி ஒடுங்கும். மல்லியிடம் பி பிரதி ஒன்று இருக்கிறது, ஆனால் அவள் ரத்தம் ஏ. இது ஏன் முக்கியம் என்றால், தாய் பி வகையாக இருந்து குட்டி ஏ வகையாகப் பிறந்தால், தாயின் முதல் பாலில் இருக்கும் எதிர்ப்பொருள் குட்டியின் ரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்த குட்டி ஓரிரு நாளில் செத்துக் கிடக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், பிழைத்த குட்டிக்கு வால் நுனி அழுகி விழுவதும் உண்டு. “கண்ணு பட்டுடுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தோம் ஒரு காலத்தில். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவான் ரெக்ஸ் இனங்களில் பி வகை அதிகம் என்பதால் அவற்றுக்கு இதைப் பார்க்காமல் சேர்க்கவே கூடாது. முன்கூட்டித் தெரிந்தால் வழி இருக்கிறது: பி வகைக் கடுவனைத் தேடலாம், அல்லது பிறந்த முதல் 24 மணி நேரம் தாய்ப்பாலுக்குப் பதில் புட்டிப்பால் கொடுக்கலாம்.

நிற வரிகளை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். அவை உயிர் போகும் விஷயம் இல்லை, வேடிக்கைக்கு நல்லது. மல்லிக்கு நிறத்தை மங்கச் செய்யும் பிரதி ஒன்று இருக்கிறது. கடுவனிடமும் ஒன்று இருந்தால் இரண்டு கறுப்புப் பூனைகளுக்குச் சாம்பல் நிறக் குட்டி பிறக்கலாம், தகப்பன் யாரென்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை. சயாமீஸ், ஹிமாலயன் பூனைகளின் முகமும் காதும் காலும் வாலும் மட்டும் கருப்பதும் ஒடுங்கு பண்புதான். அந்த நிறம் சூட்டில் உருவாகாது. அதனால்தான் அவை தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து வெள்ளையாகப் பிறந்து, பிறகு உடம்பில் குளிர்ந்த நுனிகளில் மட்டும் கறுக்கின்றன. ஆரஞ்சு நிறம் மட்டும் தனிக் கதை: அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அந்த வரியில் அவனுக்கு ஒரே ஒரு எழுத்துதான் நிற்கும். அதைப் பார்த்து அறிக்கை தவறு என்று நினைக்காதீர்கள்.

இனி காகிதத்தைப் பற்றி. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு எக்ஸாட்டிக் (பெர்சியன் வழியில் வந்த குட்டை முடி இனம்) குட்டி வாங்கினேன். விற்றவர் பி.கே.டி. ‘என்/என்’ என்று அச்சிட்ட அறிக்கையைக் காட்டினார். நானும் நாற்றங்கால் ஆள் இல்லையா, எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அந்தப் பூனை ஏழாவது வயதில் நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது, மெலிந்தது, ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் திராட்சைக் குலை மாதிரி இருந்தன. அது போன பிறகு ஒரு நாள் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த மைக்ரோசிப் எண் குட்டியுடையதே இல்லை. தகப்பனுடையது. தாயைச் சோதித்ததாக எந்த இடத்திலும் இல்லை. பொய் என்று சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. தாய், தகப்பன் இருவருமே ‘என்/என்’ என்றால் குட்டியும் ‘என்/என்’தான். ஒருவரின் அறிக்கை மட்டும் இருந்தால், ஓங்கு நோயைப் பொறுத்தவரை அது பாதிக் கதவைப் பூட்டிய வீடு.

ஆகவே மைக்ரோசிப் எண்ணைப் பூனையின் கழுத்தில் கருவி வைத்துச் சரிபாருங்கள். மாதிரியை எடுத்தது மருத்துவரா, உரிமையாளரேவா என்பதையும் அறிக்கையில் தேடுங்கள், சில கூடங்கள் குறிப்பிடும். குட்டிக்கு நீங்களே மாதிரி எடுப்பதாக இருந்தால் பால் குடித்த வாயில் தேய்க்க வேண்டாம், தாயின் செல்கள் ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் பிரித்து வைத்துவிட்டு எடுப்பது நல்லது, பால் மறந்த பிறகு என்றால் இன்னும் நல்லது.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. “அங்கள், டெஸ்ட் எடுத்தா நல்ல ஃபோல்டு கிடைக்குமா?” கிடைக்காது. அந்த மடிந்த காதுதான் அறிக்கை. காதை மடிக்கும் அதே பிறழ்வுதான் உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுத்து மூட்டுகளை இறுக்குகிறது. ஒரு பிரதி இருந்தாலே அது நடக்கும், இரண்டு இருந்தால் இளம் வயதிலேயே கடுமையாக. மரபணுவை 2016இல் அடையாளம் கண்டார்கள். ஆனால் பிரிட்டனின் பூனைப் பதிவு மன்றம் 1970களிலேயே இந்த இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. குட்டியாக இருக்கும்போது ஆந்தை மாதிரி அழகாக இருக்கும் என்பது உண்மைதான். நான் வாங்க மாட்டேன்.

அப்படியானால் தாங்கிப் பூனைகளையும் குட்டி எடுக்காமல் ஒதுக்கிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. சாதிப் பூனைகளின் வட்டம் ஏற்கெனவே சிறியது. 2008இல் உலகப் பூனை இனங்களை ஒப்பிட்டு வந்த ஆய்வில், மரபணு வகை மிகக் குறைவாக இருந்தவை பர்மீஸும், நம் பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய சிங்கப்பூராவும்தான். ஒரு ஒடுங்கு நோய்க்குப் பயந்து தாங்கிகளையெல்லாம் தள்ளினால், மிச்சமிருக்கும் சிலவற்றுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டி வரும். அப்போது நாம் இன்னும் பெயரே வைக்காத வேறு நோய்கள் சோடி சேரும். தாங்கியை ‘என்/என்’னோடு சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, அவற்றில் ‘என்/என்’ வந்ததை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வதுதான் நிதானமான வழி. ஓங்கு நோய்க்கு இந்தச் சலுகை இல்லை. பி.கே.டி. உள்ள கடுவனுக்குக் கருத்தடை செய்து, வீட்டில் செல்லமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் அன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. செம்பனைக் கணக்கை மட்டும் பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் அழுதது வீணா அங்கள்?”

“ரிப்போர்ட்டை மாத்திப் புடிச்சு அழுதிருக்கம்மா.”

ஈப்போக்காரருக்கு அவளே அழைத்துப் பேசினாள். அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு கடுவனுக்கு ஸ்கேன் எடுக்க எவ்வளவு வெள்ளி ஆகும் என்று கேட்டார். இப்போது கோலகங்சாரில் வேறொரு கடுவனைப் பார்த்திருக்கிறாள். அவனுக்கு பி.கே.டி. ‘என்/என்’, மைக்ரோசிப் எண்ணும் ஒத்துப்போகிறது. ஆனால் கண் நோய்க்கு அவனை யாரும் சோதித்ததில்லை. நேற்று மாலை போய் மாதிரி எடுத்து வந்தோம். இரண்டு பஞ்சுக்குச்சிகளும் என் சமையலறைச் சன்னலோரம் ஒரு கண்ணாடித் தம்ளரில் தலைகீழாகாமல் நின்று காய்ந்துகொண்டிருக்கின்றன. திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும்.